கொள்ளிடத்து வாளை

எங்கள் வீட்டுக் கொல்லைப் படலைத் திறந்து வாழைத் தோட்டத்தைக் கடந்தால் கொள்ளிடக் கரை. முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் இவ்வாறு, வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டு செல்லும் வடிகால். மழையற்ற மாதங்களில் மணல்வெளியாகக் கிடக்கும். ஆழமான மடுக்களில் மட்டும் நீர் தங்கும். அம்மடுக்களில்தான் என் தந்தையார் தூண்டிலிடுவார். ஞாயிறுதோறும் என்னையும் அழைத்துச் செல்வார். "பொட்டப்புள்ளைக்குத் தூண்டில் எதுக்கு?" என்று அப்பாயி முணுமுணுப்பார். அப்பா விடை கூறாமல், மண்புழு நிறைந்த கொட்டாங்குச்சியை என் கையில் கொடுப்பார்.

மூங்கில் கழி, நரம்பு, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, முள். இவ்வளவே எங்கள் கருவிகள். கெண்டைக்கு மண்புழு போதும். தக்கை துள்ளித் துள்ளி ஆடும். வாளையோ ஊனுண்ணி. உயிருள்ள சிறுமீனைக் கோத்து, இருள் கவியும் வரை காத்திருக்க வேண்டும். அது பற்றினால் தக்கை ஆடாது, ஒரேயடியாக மறையும். அப்போதும் உடனே இழுத்தல் கூடாது. "முழுங்கட்டும் பாப்பா, பொறு" என்பார் அப்பா. அந்தப் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. நான் தவறவிட்ட வாளைகளே மிகுதி.

பிடித்தது ஒன்றே ஒன்று; அப்போது எனக்கு 11 வயது. செதிலற்ற வெள்ளி உடல். கண்ணையும் கடந்து பிளந்த வாய். அதன் பற்கள் என் கட்டைவிரலைக் கிழித்த தழும்பு இன்றும் உள்ளது. அன்றிரவு அப்பாயி, வழக்கமாக அண்ணனுக்கு வைக்கும் தலைத்துண்டை என் தட்டில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா மறைந்து ஆண்டுகள் பல ஆயின. மணல் அள்ளியதில் அந்த மடு உருத்தெரியாமல் போயிற்று. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, நாம் ஜிலேபிக் கெண்டை என்று அழைப்பது, நீர்நிலையெங்கும் பெருகிற்று. வாளையை அழியும் இடருள்ள இனமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வகைப்படுத்தியுள்ளதைப் படித்தபோது, எங்கள் ஆற்றில் அது இனி இல்லை என்றே முடிவு செய்துகொண்டேன்.

சென்ற ஆண்டு, ஆலங்குடி வங்கனார் பாடிய குறுந்தொகை எட்டாம் பாடலை வகுப்பில் நடத்தினேன். வயலோர மாமரத்துக் கனி விழ, பொய்கை வாளை அதனைக் கவ்வும் காட்சி அதில் உண்டு. (ஊனுண்ணி மாங்கனியைக் கவ்வுமா என்று கேட்பவர் உண்டு. விழுந்த ஓசைக்கே பாய்ந்திருக்கும் என்பது, தூண்டில் பிடித்தவள் என்ற முறையில் என் கருத்து.) வாளையின் உருவத்தை மாணவர்கள் கேட்டனர். கரும்பலகையில் வரைந்து, இரண்டு நீண்ட மீசைகளையும் இட்டேன்.

கடைசி வரிசையில் பெரும்பாலும் வாய் திறவாத மாணவன் ஒருவன் எழுந்தான்.

"நாலு மீசைம்மா. கீழ்த்தாடையில சின்னதா ரெண்டு இருக்கும்."

"எங்கே பார்த்தாய்?"

"ஆத்துலதாம்மா. போன வாரம் புடிச்சேன்."

"எந்த மடுவில்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இடம் கேட்பவரிடம் என் தந்தையாரும் அவ்வாறே தலைகுனிந்து நிற்பார். நான் மேலும் கேட்கவில்லை. சுண்ணக்கட்டியை எடுத்து, விடுபட்ட இரண்டு சிறு மீசைகளையும் வரைந்தேன்.