பத்திரத்தில் இல்லாத எல்லை

வடசென்னை ராயபுரத்தில் உள்ள கல்மண்டபத்தில் ஏதாவது ஒரு வீட்டின் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். வடக்கே தெரு, தெற்கே இன்னாருடைய மனை என்று நான்கெல்லையும் சொல்லி, சர்வே எண்ணும் சதுர அடியும் பிசகாமல் எழுதியிருப்பார்கள். வெள்ளம் வந்தால் தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறும் என்பதற்கு ஒரு வரி இருக்காது. பட்டாவிலும் வில்லங்கச் சான்றிலும் அது கிடையாது. அந்த வரி எங்கே தொலைந்தது, முதலில் எப்போதாவது இருந்ததா என்று தேட ஆரம்பித்தேன்.

காப்பீட்டிலிருந்து தொடங்கினேன். நம் நாட்டில் வீட்டுக்கான வெள்ளக் காப்பீடு தீ விபத்துப் பாலிசிக்குள் ஒரு பகுதியாகவே வளர்ந்தது. 2001ஆம் ஆண்டின் அகில இந்தியத் தீக் காப்பீட்டுக் கட்டண விதிகளில் புயல், வெள்ளம், நீர் சூழ்தல் எல்லாம் ஒரே கட்டு. வேண்டாம் என்பவர் அதைக் கழித்துப் பிரீமியத்தைக் குறைத்துக்கொள்ளலாம். நிலநடுக்கத்துக்கோ நாட்டை நான்கு மண்டலமாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஒரு கட்டணம் வைத்தார்கள். பூமி அதிர்வதற்கு வரைபடம் பார்த்தவர்கள் தண்ணீர் ஏறுவதற்குப் பார்க்கவில்லை. சிக்கலின் வேர் இதுதான் என்று நினைக்கிறேன். அந்தக் கட்டண விதிகள் 2007இல் விலக்கப்பட்டன. 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி வீட்டுக்கும் உள்ளே உள்ள சாமான்களுக்கும் வெள்ளச் சேதத்தைச் சேர்த்தே தருகிறது. நல்ல ஏற்பாடுதான். அதை வாங்குபவருக்குத் தன் வீட்டின் வெள்ள மட்டம் இன்றும் தெரியாது.

அமெரிக்காவில் 1968இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் பாலிசியையும் வரைபடத்தையும் சேர்த்தே கட்டியது. அபாயக் கோட்டுக்குள் விழும் வீட்டுக்கு, அரசு ஆதரவுள்ள கடன் வேண்டுமென்றால் பாலிசி கட்டாயம். வெள்ள மட்டத்தை மாற்றினால் 90 நாள் மேல்முறையீட்டுக்கு இடமுண்டு. பழைய வரைபடங்கள், பெருங்கடன் என்று அந்தத் திட்டத்திலும் குறைகள் ஏராளம். ஆனாலும் கோடு நகர்ந்தது வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடுகிறது. இந்தியாவிலும் வெள்ளச் சமவெளி மண்டலங்களுக்கான மாதிரி மசோதாவை மத்திய அரசு 1975இலேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தராகண்ட் போன்ற ஒரு சில மாநிலங்களே அதைச் சட்டமாக்கின.

அப்படியானால் சென்னையில் நீர்மட்டம் யாருக்குமே தெரியாதா? தெரியும். பெரிய கட்டடத்துக்கோ மனைப்பிரிவுக்கோ சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) அனுமதி கேட்பவர், அது வெள்ளத்தில் மூழ்கும் இடமா என்பது குறித்து நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வாங்குகிறார். மனையைக் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் உயரத்துக்கு மண் கொட்டி உயர்த்த வேண்டும் என்று அதில் நிபந்தனை போடுவது வழக்கம். நான் தேடிய வரி இதுதான். அது பில்டரின் ஃபைலோடு நின்றுவிடுகிறது. மேடாக்கிய மனையிலிருந்து வழியும் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரருக்கு நகல் போவதில்லை.

வரைபடம் ஓசையில்லாமல் மாறினால் என்ன நடக்கும் என்பதை எண்ணூரில் பார்க்கலாம். 1996இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒப்புதல் தந்த கடற்கரை மண்டல வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் பாதுகாக்க வேண்டிய பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது. ஏறக்குறைய 6,500 ஏக்கர் கழிமுகத்தைக் காட்டாத இன்னொரு வரைபடமும் அரசிடம் இருப்பது 2017இல் வெளியே வந்தது. எண்ணூர் நமக்குத் தூரம் என்று கல்மண்டபத்துக்காரர் நினைக்க வேண்டாம். மேற்கே கொருக்குப்பேட்டைப் பக்கமாக வடக்கே ஓடும் பக்கிங்காம் கால்வாய் அந்தக் கழிமுகத்தில்தான் போய்ச் சேர்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலியில் கசிந்த எண்ணெய் அந்தக் கால்வாய் வழியாகக் கழிமுகம் வரை பரவியது. தண்ணீர் போகும் தடத்தை அந்தக் கறுப்புப் படலமே வரைந்து காட்டிவிட்டது.

வடசென்னையில் ஆறு கரை உடைப்பதைவிட வடிகால் அடைப்பால் வரும் வெள்ளமே அதிகம், இதற்கு வரைபடம் எதற்கு என்று கேட்கலாம். வடிகாலைத் தூர்வாரினாலும் அது போய் விழும் கால்வாய் நிரம்பி நின்றால் தெருத் தண்ணீர் இறங்காது. ஆகவே கழிமுகத்தின் மட்டம்தான் தெருவின் மட்டத்தையும் தீர்மானிக்கிறது. கோடு போட்டால் வீட்டு விலை விழும், வங்கி கடன் தராது என்ற கவலையும் நியாயமானது. பிரிட்டனில் 2016 முதல் இயங்கும் 'ஃப்ளட் ரீ' என்ற மறுகாப்பீட்டுத் திட்டம் எல்லா வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்களிடமும் தொகை வசூலித்து, அபாயப் பகுதி வீடுகளின் சுமையைப் பகிர்கிறது. இங்கும் அதைச் செய்ய முடியும். இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது, வெள்ளத்தைக் காரணம் காட்டி ஏழைகளை அப்புறப்படுத்துவார்களே என்ற மூன்றாவது ஆட்சேபணை. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டதை யாரும் மறக்கவில்லை. வெளிப்படையான கோடு இருந்தால் குடிசைக்கும் துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் ஒரே அளவுகோல்தானா என்று நீதிமன்றத்தில் கேட்க முடியும். கோட்டை மட்டுமே காட்டி யாரையும் வெளியேற்றக் கூடாது என்பதையும் சட்டத்திலேயே எழுத வேண்டும்.

நீர்வளத் துறை சான்றுகளில் ஏற்கெனவே எழுதித் தரும் மட்டத்தைச் சர்வே எண்ணோடு சேர்த்து வெளியிடுவதிலிருந்து தொடங்கலாம். பத்திரத்தில் நான்கெல்லைக்குக் கீழே அது ஏறட்டும், பாலிசியிலும் ஏறட்டும். எண்ணூர்க் கழிமுகத்தின் கோட்டை யாராவது மாற்ற நினைத்தால், ராயபுரத்தில் வீடு வைத்திருப்பவருக்கும் முன்கூட்டியே நோட்டீஸ் வர வேண்டும்.