அமோர்ஸ்

தீபாவளித் துப்பாக்கியில் வைத்து வெடிப்போமே பொட்டு வெடி, அதற்குப் பிரெஞ்சில் அமோர்ஸ் என்று பெயர். நிஜத் தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமருக்கும் அதே பெயர்தான்.

என் பெரியப்பா மகன் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து, ஓய்வுக்குப் பின் அங்கேயே தங்கிவிட்டார். ஞாயிறுதோறும் 200 மீட்டரில் குறி சுடுவார். தோட்டாவையும் தானே நிரப்பிக்கொள்வார். நான் போயிருந்தபோது முகம் வாடியிருந்தது.

"குண்டெல்லாம் சிதறுது தம்பி. கண்ணு போச்சு. துப்பாக்கியைக் கொடுத்துடலாம்னு இருக்கேன்."

அவருடைய நோட்டைப் புரட்டினேன். பதிவேடு பார்த்தே வயதான கண் எனக்கு. மருந்து எடை, குண்டு, நீளம் எல்லாம் அதேதான். அமோர்ஸ் மட்டும் மாறியிருந்தது. வழக்கமானது கிடைக்காமல் மேக்னம் வகை வாங்கியிருக்கிறார். இரண்டுக்கும் ஒரே அளவு, சுமார் 5.3 மில்லிமீட்டர். ஆனால் மேக்னத்தின் தீ அதிகம்.

அமோர்ஸ் மாறினால் மருந்தைக் குறைத்து முதலிலிருந்து தொடங்கணும், இல்லாவிட்டால் அழுத்தம் ஏறி ஆபத்து என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "மறந்துட்டேன்பா" என்றார். மீதி இருந்த தோட்டாக்களை அன்றே பிரித்துவிட்டார்.

புதுக் கண்ணாடி வாங்கப் போனவரை நிறுத்தினேன். "ஒரு சமயத்துல ஒண்ணைத்தான் மாத்தணும் அண்ணே."

ஊர் திரும்பிய பிறகு ஒரு நாள் போன் வந்தது. பழைய அமோர்ஸ், பழைய கண்ணாடி. ஐந்து குண்டும் நெருங்கி விழுந்ததாம்.

"கண்ணு இருக்குது தம்பி" என்றார். குரல் கம்மியது.