அசல்

ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போன முதல் வாரம். கடைக்குள் நுழைகிறவர்கள் எல்லாம் "அசல், அசல்" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். பரவாயில்லையே, இந்த ஊர்ல போலியை யாரும் தொட மாட்டாங்க போலன்னு நினைத்துக்கொண்டேன். அரபியில் தேனுக்குப் பேரே அசல்தான் என்று தெரிய நாலு நாள் ஆச்சு.

அது தேன் கடை. முதலாளி ஏமன்காரர், ஹத்ரமவுத் பக்கம். வயசானவர். தகரம் தூக்குறது, பாட்டில் கழுவுறது, வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்குறது என் வேலை. சம்பளம் 1,100 திர்ஹம். மேல் அலமாரியில் இருந்த தோஅன் பள்ளத்தாக்கு 'சித்ர்' தேன் ஒரு கிலோ 400 திர்ஹம். ஒரு பாட்டிலை எடுத்து வைக்கும்போது பதினோரு நாள் சம்பளத்தைக் கையில் வெச்சிருக்கோம்னு கை நடுங்கும்.

அவ்வளவு காசு கொடுத்து ஏன் வாங்குறாங்க? குர்ஆனில் ஒரு அத்தியாயத்துக்கே தேனீ என்று பேர்; தேன் மருந்து என்று அதில் வருகிறது. சித்ர் மரமும் அதில் வருகிற மரம். பிள்ளை பெற்ற வீடு, கல்யாண வீடு, நோன்பு மாசம் எல்லாத்துக்கும் தேன் வேணும். அந்த நாட்டுப் பாலைவனத்திலும் சித்ர் தேன் உண்டு. ஆனா நமக்கு மணப்பாறை மாடு மாதிரி அவங்களுக்கு தோஅன் தேன். அங்கே தேனீ வளர்க்கிறவர்கள் கூடுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு பூ இருக்கிற இடம் தேடிப் போவார்களாம். நம்ம பக்கம் கிடை போடுறவங்க ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போற மாதிரிதான்.

பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் நியூசிலாந்து மானுகா தேன் இருக்கும். அதுவும் யானை விலை. டப்பா மேல பெருசா ஒரு எண் போட்டிருக்கும், எண் கூடக் கூட விலையும் ஏறும். கிருமியைக் கொல்லுற சக்திக்கான கணக்காம் அது. எங்க முதலாளி கடையில் எண் எதுவும் கிடையாது. குச்சியில் தொட்டு நாக்கில் வைப்பார். எந்த மரம், எந்தப் பள்ளத்தாக்கு, எந்தப் பருவத்து எடுப்பு என்று வாங்க வந்தவர் கேட்பார், இவர் சொல்வார். அவ்வளவுதான் வியாபாரம்.

ஒருநாள் செல்போனில் சித்ர் மரத்தைக் காட்டினார். முள்ளு, சின்ன இலை, மஞ்சக் காய். அட, நம்ம இலந்தை! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அச்சு அசல் அதே மரம் இல்லை, கூடப் பிறந்த அண்ணன் தம்பி மாதிரி. கீழ் அலமாரியில் இருந்த பாகிஸ்தான் 'பேரி' தேன்தான் நம்ம இலந்தை மரத்துத் தேனேதான். விலை பாதி.

அந்தக் கீழ் அலமாரியை வெச்சு நடந்த ஒண்ணை மறக்க முடியலை. தோஅன் தேன் தீர்ந்திருந்த நேரம். பெரிய கார்ல வந்த ஒருத்தர், பேரி தேனை ருசி பார்த்துட்டு, "இதுதான், இதுதான், அஞ்சு கிலோ போடு" என்றார். எனக்கு வாய் வரைக்கும் வந்துடுச்சு, 'ஆமா' சொல்லிடுங்கன்னு. முதலாளி, "இது பாகிஸ்தான்" என்றார். வந்தவர் குச்சியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். "அவருக்கு வித்தியாசமே தெரியலையே பாபா" என்றேன். "இன்னைக்குத் தெரியலை" என்றுவிட்டுத் தகரத்தை மூடினார்.

2013-ல் அப்பா போன் பண்ணினார். நான் அனுப்பின காசில் ஜேசிபி வெச்சு வரப்பு ஓரத்து இலந்தை எல்லாத்தையும் பிடுங்கியாச்சு, இனி டிராக்டர் டயர்ல முள் ஏறாது என்று சந்தோஷமாகச் சொன்னார். நானும் நல்லதுப்பான்னுதான் சொன்னேன். அப்போ என் கையில் கழுவிக்கொண்டிருந்த பாட்டில் இருந்தது. இலந்தைத் தேன் ஊற்ற வேண்டிய பாட்டில். அப்பாவைக் குறை சொல்ல என்ன இருக்கு? அவருக்கு அது முள்ளு மரம்.

இப்போ நம்ம தோட்டத்தில் பன்னிரண்டு பெட்டி இருக்கு. வருஷத்துக்குப் பெட்டிக்கு அஞ்சு கிலோ கிடைச்சா பெரிசு. ஜேசிபி போகாத கண்மாய்க்கரையில் ஏழு இலந்தை மிச்சம். புரட்டாசியில் பூக்கும். வாசனைன்னு சொல்ல முடியாது, ஒரு மாதிரி நாறும், ஆனா ஈயும் தேனீயும் மொய்க்கும். ஐப்பசியில் எடுக்கிற தேன் கொஞ்சம் கறுத்து, கனமா இருக்கும்.

சென்னையில் இருக்கிற அக்கா மகன் போன வருஷம் அதை ருசி பார்த்தான். "மாமா, பாட்டில்ல சித்ர்னு அரபில ஒட்டுவோம். விலையை மூணு மடங்காக்கிடலாம். யாரு மாமா பார்க்கப் போறா?" என்றான். மகளுக்குக் காலேஜ் பணம் கட்டவேண்டிய மாசம் அது. பொய் சொல்ல விரும்பலை; ஒரு ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதிப் பொய்தானே, இலந்தைப் பூவும் அதில் இருக்கே என்றுகூட மனசு பேசியது. ஆனா தேனீக்கு என் வரப்புக்கல் தெரியாது. ஒரு கிலோமீட்டர் சுத்தி முருங்கை, தென்னை, சோளம் என்று எல்லாத்துலயும் உட்கார்ந்துட்டுத்தான் வரும். ஏழு மரத்தை வெச்சுக்கிட்டு இலந்தைத் தேன்னு எப்படிச் சொல்ல?

இந்தத் தளத்தைப் படிச்சுட்டு எனக்குப் போன் பண்றவங்க பெரும்பாலும் ஒரே கேள்விதான் கேட்கிறீங்க: "சுத்தமான தேனா? எறும்பு மொய்க்குமா? தண்ணியில கரையுமா?" எறும்பு மொய்க்குறதுக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமே இல்லைங்க. என்ன பூ, எந்த மாசம் எடுத்ததுன்னு ஒருத்தராவது கேளுங்க, மணிக்கணக்கா சொல்றேன்.

மருமகனுக்கு இருபது பாட்டில் அனுப்பினேன். 'கலந்த பூ, ஐப்பசி எடுப்பு' என்று தமிழில் எழுதி ஒட்டி, பழைய விலைக்கு. பதினாலு வித்திருக்கிறான், மீதிக்குப் பதில் இல்லை. போன தை மாசம் இலந்தைக் கொட்டையைப் பொறுக்கி வரப்பு ஓரம் நாற்பது இடத்தில் ஊன்றினேன். முப்பத்தொண்ணு முளைச்சது. அதில் பக்கத்துத் தோட்டத்து ஆடு மேய்ந்தது போக இன்னைக்கு எண்ணும்போது பத்தொன்பது நிக்குது. அப்பா தினமும் அந்தப் பக்கம் போய்ப் பார்த்துட்டு வர்றார், டிராக்டர் வந்தா ஒதுங்கி ஓட்டச் சொல்றார்.