அழித்தது யாரு?

காரைக்காலில் ஒரு கல்லூரியில் பி.காம். பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்துகிறேன். வணிகவியல் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பென்றால் மதியத் தூக்கம். அதனால் போன வருஷம் வகுப்புக்கென்று ஒரு விக்கி தொடங்கினோம். விக்கிப்பீடியா ஓடுகிற அதே மீடியாவிக்கி மென்பொருள்தான். யாரும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம்.

சுத்துவட்டாரத் தொழில்கள் பற்றிக் குழுவுக்கொரு பக்கம். ஒரு குழு கருக்களாச்சேரி மீன் வியாபாரத்தை எடுத்தது. அந்த ஊர் மீனவப் பையன் ஒருத்தன், காலனிப் பெண் ஒருத்தி, இன்னும் மூணு பேர். ஏலம், ஐஸ், கடன், கூடை சுமந்து மீன் விக்கிற பொம்பளைங்க என்று பக்கம் நல்லாத்தான் வளர்ந்தது. ஊர்ப்பேர் விளக்கத்தில் வந்தது வினை.

'சேரி என்பது தாழ்ந்த சாதியார் வாழுமிடம். இவ்வூர் அப்படிப்பட்டதல்ல' என்று ஒரு வரி. அந்தப் பெண் அதை எடுத்துவிட்டு, 'மக்கள் சேர்ந்து வாழுமிடம்' என்று எழுதினாள். பத்து நிமிஷத்தில் பழைய வரி திரும்பி வந்தது. திரும்ப எடுத்தாள். திரும்ப வந்தது, 'சான்று எங்கே?' என்ற கேள்வியோடு.

"விட்டுடலாம் சார்" என்றாள்.

எந்தத் தெரு என்று வாத்தியார் கேட்டபோது, சேரி என்று சொல்லக் கூசி பஸ் ஸ்டாப் பேரைச் சொன்னவன் நான். விட முடியவில்லை.

மறுநாள் அந்தப் பக்கத்தின் 'வரலாறு' பகுதியை வகுப்புச் சுவரில் பெரிசாகக் காட்டினேன். யார், எந்த மணிக்கு, எதை அழித்தார்கள், எல்லாம் இருந்தது. வகுப்பு கப்சிப். பின்பெஞ்சிலிருந்து ஒருத்தன் சொன்னான்: "பேரேட்டுலயும் அழிக்கக் கூடாது சார். திருத்தப் பதிவுதான் போடணும்."

சான்று கேட்டதில் தப்பில்லை. உரையாடல் பக்கத்தில் போட்டேன். கி.பி. 921 உத்திரமேரூர்க் கல்வெட்டு, பிராமணர் ஊரின் பிரிவுகளையே சேரி என்கிறது. நூறு வருஷத்துக்குள் ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியாக நிற்கின்றன. 'சேர்ந்து வாழுமிடம்' என்று அவள் எழுதியதும் பாதிதான். எல்லாருக்கும் பொதுவாயிருந்த சொல்லை எங்கள் தலையில் மட்டும் கட்டிவிட்டு மற்றவர்கள் நழுவிக்கொண்ட கதை மீதிப்பாதி.

அதை அவள்தான் எழுதினாள். பாண்டிச்சேரியும் சேரிதானே என்று அந்த மீனவப் பையன் ஒரு வரி சேர்த்தான்.

மதிப்பெண்ணையும் வரலாறு பார்த்தே போட்டேன். குழுவில் ரெண்டு பேர் ஒரு வரியும் எழுதவில்லை. இத்தனை நாள் அவர்களும் அதே மார்க் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பழைய வரிய வரலாத்துலேர்ந்தும் எடுத்துட முடியுமா சார்?" என்று ஒருத்தன் தனியா வந்து கேட்டான். நிர்வாகியாக என்னால் முடியும். எடுக்கவில்லை. இருக்கட்டும் தம்பி என்றேன்.