ஒல்லிக் கர்வம்

மனிதனுக்கு வரக்கூடிய கர்வங்களில் கல்விக் கர்வம், செல்வக் கர்வம், குலக் கர்வம் என்று பெரியோர்கள் பலவற்றைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒல்லிக் கர்வம் என்று ஒன்று உண்டு என்பதை மட்டும் அவர்கள் சொல்ல மறந்து விட்டார்கள். நமக்கு அந்தக் கர்வம் ஏறக்குறைய முப்பது வருஷ காலம் இருந்து வந்தது.

முன்பெல்லாம் ரயில்வே ஸ்டேஷன்களில் ஆளுயரத்துக்கு ஓர் எடை பார்க்கும் இயந்திரம் நின்று கொண்டிருக்கும். அதன் மேல் ஏறிக் காசைப் போட்டால் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் மின்னும். கண்ணாடிக்குள்ளே வட்டத் தகடு ஒன்று கிறுகிறுவென்று சுழலும். கடைசியில் 'கடக்'கென்ற சப்தத்துடன் ஓர் அட்டைத் துண்டு வந்து விழும். அதன் ஒரு பக்கத்தில் நமது எடை. மறு பக்கத்தில் நமது ஜோசியம். எழும்பூர் ஸ்டேஷனுக்குப் போகும் போதெல்லாம் நாம் அந்த இயந்திரத்துக்குக் காணிக்கை செலுத்தத் தவறியதில்லை. இருபத்தைந்து வயதில் 58 கிலோ. நாற்பது வயதிலும் 58 கிலோ. ஜோசியம் மாறிக் கொண்டே வந்தது, எடை மாறவில்லை. அட்டைகளையெல்லாம் ஒரு சிகரெட் டப்பியில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தோம். (சிகரெட் நம்முடையதல்ல, டப்பி மட்டுமே நம்முடையது.)

நமக்கு இரண்டு வயது மூத்தவரான நமது தமக்கையார் அந்த இயந்திரத்தின் பக்கமே வர மாட்டார். "மூட்டை முடிச்சுகளை யார் பார்த்துக் கொள்வது?" என்று பெஞ்சியில் உட்கார்ந்து விடுவார். அவருடைய எடை 84 கிலோ. அந்தக் கணக்கை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நாமாகத்தான் ஒரு நாள் டாக்டர் சீட்டில் எட்டிப் பார்த்துத் தெரிந்து கொண்டோம். தெரிந்து கொண்ட பிறகு சும்மா இருந்தோமா? "வாயைக் கட்டினால் வயிறு கட்டுப்படும், அக்கா" என்று உபதேசம் செய்தோம். ஏகாதசி, சஷ்டி, கிருத்திகை, சனிக்கிழமை என்று அவர் பட்டினி கிடப்பார். இரண்டு கிலோ இறங்கும். அடுத்த மாதமே மூன்று கிலோ ஏறும். "ராத்திரி சமையலறைக்குள் போய் வருகிறாயோ?" என்று கேட்டுச் சிரித்தோம். ஒரு கல்யாணப் பந்தியில் அவர் இரண்டாவது ஜாங்கிரிக்குக் கை நீட்டிய போது, நாம் பக்கத்து இலையிலிருந்து அர்த்த புஷ்டியுடன் இருமியதும் உண்டு. அவர் கையை மடக்கிக் கொண்டார்.

பகல் பதினொரு மணிக்கே அவருக்குக் கண் சொருகும். சித்திரை மாதத்தில் போர்வை கேட்பார். இத்தனை கொழுப்பைச் சுமந்து கொண்டிருக்கும் உடம்புக்குக் குளிர் எங்கிருந்து வருகிறது என்று நாம் ஒரு தடவையாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. சோம்பேறித்தனம் என்ற ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் அடக்கி விட்டோம்.

இரண்டு வருஷங்களுக்கு முன்பு, நமக்கு ஐம்பத்தாறு வயதான போது, பக்கத்துத் தெருவில் இரத்தம் பரிசோதிக்கும் நிலையம் ஒன்று திறந்தார்கள். இருவராக வந்தால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி என்று விளம்பரம். தமக்கையாருக்குப் பாடம் கற்பிக்கும் உத்தேசத்துடன் அவரை அழைத்துக் கொண்டு போனோம். நாம் கூடப் போனது தள்ளுபடிக்காக.

மறு நாள் காகிதங்கள் வந்தன. தமக்கையாருக்குச் சர்க்கரை இல்லை. நமக்கு வெறும் வயிற்றில் 168. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் கணக்கு 8.2 சதவிகிதம். பெயர் மாறி விட்டது என்று வாதாடினோம். மேஜைக்குப் பின்னாலிருந்த இளைஞர் வெகு பொறுமையுடன், "சார், இது உங்கள் இரத்தந்தான்" என்றார்.

டாக்டர் நம்மை எடைக் கருவியில் ஏற்றவில்லை. தையற்காரரைப் போல் ஒரு நாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்தார். 94 சென்டிமீட்டர். நம் நாட்டு ஆண்களுக்கு 90-க்கு மேல் போனால் ஆபத்து என்றும், பெண்களுக்கு 80 என்றும் சொன்னார். நமது 59 கிலோ சரீரத்தில் சட்டைக்குள் ஒரு சிறு தொந்தி குடியிருந்தது நமக்குத் தெரியாமலில்லை. அதை நடுத்தர வயதின் கௌரவச் சின்னமாக எண்ணியிருந்தோம்.

"உங்கள் குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா?" என்று கேட்டார். "கிடையாது" என்று சொல்ல வாயெடுத்தோம், சொல்ல முடியவில்லை. நம் தந்தையார் நம்மைவிட ஒல்லி. காலில் ஆறாத புண் வந்து, அறுபத்தொன்றாவது வயதில் காலமானார். ஒல்லி மனிதருக்குச் சர்க்கரை ஏது என்று யாரும் அவருக்குப் பரிசோதனை செய்யவில்லை.

டாக்டர் பிறகு தமக்கையாரின் காகிதத்தில் இரண்டாவது பக்கத்தைப் புரட்டினார். கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குக் கீழே, பட்டாம்பூச்சி சிறகு விரித்தாற் போல் தைராய்டு என்ற சுரப்பி இருக்கிறது. உடம்பென்னும் அடுப்பு எவ்வளவு வேகமாக எரிய வேண்டுமென்று உத்தரவு போடுவது அதுதான். தமக்கையாருக்கு அது வெகு காலமாகவே மந்தமாக வேலை செய்து வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். தூக்கம், குளிர், அசதி எல்லாம் அதனால் வந்தவையே.

தமக்கையார் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியானால் நான் சோம்பேறி இல்லையா, தம்பி?" என்று கேட்டார். டாக்டர் எதிரே இருக்க, அவர் கேட்டது நம்மை.

நாம் என்ன பதில் சொன்னோம் என்பதை இங்கே எழுத வேண்டாம். அன்று தொடங்கி, உடம்பைப் பற்றி எழுதியிருப்பதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தோம். அது வரையில் நாம் உடம்பை மளிகைக் கடைக் கணக்காக நினைத்திருந்தோம். வரவு சோறு, செலவு உழைப்பு, மிச்சம் கொழுப்பு. கணக்கு தப்பல்ல, ஆனால் செலவுப் பக்கத்தை எழுதுகிறவர் நாமல்ல.

இத்தாலி தேசத்துப் பாதுவா நகரில் சாங்டோரியஸ் என்று ஒரு வைத்தியர் இருந்தார். தராசிலே நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து சாப்பிட்டு, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் சுமார் முப்பது வருஷம் நிறுத்துப் பார்த்தவர். 1614-இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். (முப்பது வருஷம் எடை பார்த்ததில் நமக்கும் அவருக்கும் ஒற்றுமை உண்டு, அவர் அதிலிருந்து ஏதோ கற்றுக் கொண்டார்.) உள்ளே போனதில் பெரும் பகுதி கண்ணுக்குத் தெரியாமலே மறைந்து விடுவதை அவர் கண்டார். எங்கே போயிற்று என்பதற்கு ஒரு பாதி விடையைப் பிரான்ஸ் தேசத்து லவாய்சியர் 1780-களில் கொடுத்தார். சுவாசிப்பது என்பது புகையில்லாமல் மெதுவாக எரிவதே என்றார். 2014-இல் ஆஸ்திரேலியாவில் இருவர் கணக்கைத் துல்லியமாகப் போட்டுக் காட்டினார்கள். உடம்பில் பத்துக் கிலோ கொழுப்பு கரைந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சிலே போகிறது; பாக்கி 1.6 கிலோ தண்ணீராகிறது. வியர்வையில் கொழுப்பு வழிந்தோடுவதாக நினைத்துச் சித்திரை வெயிலில் கம்பளிச் சட்டை போட்டு ஓடுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம், பாவம்.

இந்த அடுப்பு நாம் சும்மா படுத்திருக்கும் போதும் எரிகிறது. நாள் முழுவதும் செலவாவதில் பெரும் பங்கு இருதயம் துடிக்கவும், சிறுநீரகம் வடிகட்டவும், கல்லீரல் வேலை செய்யவுமே போய் விடுகிறது. எடையில் ஐம்பதில் ஒரு பங்கு கூட அதிகமாக இராத மூளை, சும்மா இருக்கும் போது ஆகும் செலவில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்று விடுகிறது. இப்போது பாடப் புத்தகங்கள் வளர்சிதை மாற்றம் என்று சொல்வது இந்த இடையறாத வேலையைத்தான்.

வரவைக் குறைத்தால் அடுப்பு என்ன செய்யும்? இதற்கு விடை கண்ட பரிசோதனையைப் படித்த இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டாவது உலக யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில், 1944 நவம்பரில், அமெரிக்காவில் மின்னஸோடா சர்வகலாசாலையில் ஆன்ஸெல் கீஸ் என்பவர் அதைத் தொடங்கினார். மனச்சாட்சியின் பேரில் ஆயுதமெடுக்க மறுத்த இளைஞர்களில் 36 பேர் தாங்களாகவே முன்வந்தார்கள். பட்டினியால் வாடும் ஐரோப்பிய ஜனங்களுக்கு மறுபடி எப்படி உணவூட்டுவது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மூன்று மாதம் சாதாரண ஆகாரம் கொடுத்துப் பார்த்து விட்டு, அதற்கப்புறம் 24 வாரம் அரைப் பட்டினி போட்டார்கள். உருளைக்கிழங்கு, ரொட்டி, மாக்கரோனி என்று நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. அதோடு வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை.

எடையில் கால் பங்கு போயிற்று. ஆனால் அடுப்பின் எரிச்சல் அதைவிட அதிகமாக, ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. இருதயத் துடிப்பு மெதுவாயிற்று. கோடைக் காலத்தில் அந்த வாலிபர்கள் கூடுதலாகப் போர்வை கேட்டார்கள். எப்போதும் சாப்பாட்டைப் பற்றியே நினைவு. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்து வாசித்தார்கள். மறுபடி வயிறாரச் சாப்பிட விட்ட போது, இழந்த தசை வருவதற்கு முன்னால் கொழுப்பு வந்து உட்கார்ந்து கொண்டது. உடம்பு அதைப் பஞ்சம் என்று நினைத்தது; பஞ்சத்தில் எந்தக் குடும்பம் செய்வதையும் அது செய்தது.

நமது தமக்கையார் ஏற்கெனவே தணிந்து எரிந்த அடுப்பின் மேல் ஏகாதசியையும் சஷ்டியையும் ஏற்றி வைத்தார். அவர் சமையலறைக்குள் இராத்திரியில் போனதில்லை.

தைராய்டு விஷயம் இவ்வளவு பயங்கரமானதாயினும் இதற்கு மருந்து மிகச் சுலபமானது. 1891-இல் இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்து டாக்டர் முர்ரே, ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஒரு பெண்மணிக்கு ஊசி மூலம் செலுத்தினார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு 28 வருஷம் வாழ்ந்தார். இப்போது காலையில் வெறும் வயிற்றில் ஒரு சிறு மாத்திரை. தமக்கையாருக்கு அதனால் எடை மூன்றே கிலோதான் குறைந்தது. அந்தச் சுரப்பியின் பேரில் எழுதக்கூடிய எடை அவ்வளவுதான் என்று டாக்டர் முன்னமே எச்சரித்திருந்தார். பாக்கி எடை அவருடைய முழங்கால்களைத் தொந்தரவு செய்கிறது என்பதும் உண்மை. ஆனால் போர்வை பெட்டிக்குள் போய் விட்டது.

நமது சொந்த வியாதிக்கு வருவோம். உயரத்தையும் எடையையும் வைத்துப் பார்க்கும் கணக்கில் நமக்கு 21.7; அதாவது, மாசில்லாத மனிதர். இந்தக் கணக்கைப் பெல்ஜியத்துக் கேட்டலே 1830-களில் கண்டுபிடித்தார். அவர் வான சாஸ்திரி. நட்சத்திரங்களை ஆராய்ந்தவர் நமது தொந்தியை எப்படி அறிவார்? 2004-இல் லான்ஸெட் என்ற வைத்தியப் பத்திரிகையில், புனே நகரத்து டாக்டர் யாஜ்னிக்கும், இங்கிலாந்து தேசத்து டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக் கொண்ட போட்டோ ஒன்று வெளியாயிற்று. அந்தக் கணக்கின்படி இருவருக்கும் ஒரே எண்: 22.3. ஆனால் உடம்பிலுள்ள கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவிகிதம், யாஜ்னிக்குக்கு 21.2. புனே பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளைப் பரிசோதித்த போது, சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. தசையிலும் உறுப்புகளிலும் குறைவு அதிகம். கொழுப்பில் குறைவு அவ்வளவில்லை. தாயின் வயிற்றிலேயே இந்தக் கணக்கு தொடங்கி விடுகிறது போலும்.

சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் வந்ததும், இன்சுலின் அதைக் கொண்டு போய்ச் சேர்க்கும் பெரிய கிடங்கு தசைகள்தான். நம்மைப் போல் நாற்காலியில் உட்கார்ந்து பேனா பிடிப்பதைத் தவிர வேறு உழைப்பு அறியாதவனுக்குக் கிடங்கு சிறியது. கிடங்கு நிறைந்த பின் மிகுதி கல்லீரலுக்குப் போகிறது, அங்கே கொழுப்பாகிறது. கொழுப்பேறிய கல்லீரல் இன்சுலின் பேச்சைக் கேட்பதில்லை. நாம் தூங்கும் போது தன் இஷ்டத்துக்குச் சர்க்கரையை இரத்தத்தில் கொட்டுகிறது. அதுதான் காலையில் வெறும் வயிற்றில் 168.

இதில் நமக்கு ஓர் அடி முன்னமே விழுந்திருக்கிறது. மக்கரிஸன் என்ற அயர்லாந்து தேசத்து வைத்தியர் குன்னூரில் உணவு ஆராய்ச்சிசாலை நடத்தி வந்தார். அதுதான் 1958-இல் ஹைதராபாத்துக்குப் போயிற்று. அவர் எலிகளுக்கு இந்தியாவின் பல பிரதேசத்துச் சாப்பாடுகளைப் போட்டு வளர்த்தார். கோதுமைச் சப்பாத்தி, பால், பருப்பு, கறிகாய் என்று சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியைப் பிரதானமாகக் கொண்ட சென்னைச் சாப்பாட்டு எலிகளே எல்லாவற்றிலும் நோஞ்சான்கள். சாம்பார் சாதம், ரசஞ் சாதம், மோர் சாதம் என்று மூன்று அவதாரங்களில் ஒரே அரிசியைச் சாப்பிட்டு, அதைப் பல வகை உணவென்று கருதி வந்த நமக்கு, அந்த எலிகளின் பேரில் ஒருவித பந்துத்துவம் உண்டாகி விட்டது.

இப்போது நம் வீட்டில் பரிமாறும் அதிகாரம் தமக்கையாரிடம் இருக்கிறது. முதலில் கீரை, பிறகு சுண்டல் அல்லது பயறு, தயிர். அதற்கு அப்புறந்தான் சோறு. அதுவும் ஒரே ஒரு கரண்டி. சாயங்காலம் இருவரும் நடக்கிறோம். முழங்காலுக்காக அவர் மெதுவாகத்தான் நடக்கிறார். இருந்தாலும் தெருக்கோடி வந்ததும் "திரும்பலாம்" என்று முதலில் சொல்கிறவர் நாம்தான். மாடியில் இரண்டு செங்கற்களை வைத்துத் தூக்கி இறக்குகிறோம். அதை நேயர்கள் யாரும் வந்து பார்க்க வேண்டாம். எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது. இடுப்பு நாலு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. சராசரிக் கணக்கு மாத்திரையின் உதவியோடு 6.8-க்கு வந்திருக்கிறது.

சென்ற மாதம் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பாயசம் பரிமாறுகிறவர் இரண்டாவது தடவையாக வந்து நமது இலைக்கு எதிரே நின்றார். ஒரு கரண்டியினால் உலகம் முழுகி விடாதென்று தைரியம் செய்து கொண்டு, கையை நீட்டினோம்.

பக்கத்து இலையிலிருந்து ஓர் இருமல் சப்தம் கேட்டது.