தாராபுரம் வழியே ஒரு துவிச்சக்கர வண்டிப் பயணம்

தாராபுரம் என்றதும் தமிழகத்து வாசகர்களுக்கு அமராவதி ஆற்றங்கரையிலுள்ள கொங்குநாட்டு நகரமே நினைவுக்கு வரும். நாம் இங்கே கூறப் புகுந்தது அதுவன்று. இலங்கையின் வடமேற்குக் கடலில் நீண்டு கிடக்கும் மன்னார்த் தீவில், மன்னார் நகரிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் வழியிலே அமைந்த முஸ்லிம் கிராமம் இது. மோட்டார் வண்டியில் விரைவோர் ஓரிரு நிமிடங்களில் இதனைக் கடந்துவிடுவர். துவிச்சக்கர வண்டியில் மெல்லச் செல்வோருக்கோ இது நின்று பார்த்து, கேட்டு அறிந்துகொள்ள வேண்டிய ஊர்.

துவிச்சக்கர வண்டியேறி நாடு காணும் வழக்கம் பிரான்சு தேசத்தில் நெடுநாளாக வேரூன்றியிருக்கிறது. சென் எத்தியேன் நகரில் வாழ்ந்த போல் த விவி (1853–1930) என்பார் ‘வெலோசியோ’ என்னும் புனைபெயரோடு 1887-இல் ஒரு சைக்கிள் இதழைத் தொடங்கி, இவ்வழக்கத்துக்குத் தந்தை போல விளங்கினார். பசி வருமுன் உண்ணவும், தாகம் எடுக்குமுன் பருகவும், வீம்புக்காக மிதிக்காதிருக்கவும் வேண்டும் என்பன அவர் வகுத்த விதிகளுட் சில. அந்நாட்டின் பர்கண்டிப் பகுதியில், இரயில் ஓடாது கைவிடப்பட்ட ஒரு பாதையை 1997-இல் மோட்டார் புகாத ‘பசுமை வழி’யாக மாற்றினர். பின்னர் அத்தகைய வழிகள் நாடெங்கும் பெருகின. திராட்சைத் தோட்டங்களுக்கும் சிற்றூர்களுக்கும் ஊடே குழந்தைகளும் முதியோரும் அச்சமின்றி வண்டி மிதித்துச் செல்கின்றனர்.

மன்னாரில் அவ்வாறு தனியே அமைத்த வழி கிடையாது. ஆயினும் இயற்கை இத்தீவை அதற்கென்றே அமைத்தது போலத் தோன்றுகிறது. தீவு முழுவதும் சமதரை, ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை. நகரிலிருந்து தலைமன்னார் இறங்குதுறை ஏறக்குறைய 30 கிலோமீற்றர். பேருந்தும் பாரவூர்தியும் இடையிடையே வருமேயன்றி, பெருநகரங்களிற் காணும் நெருக்கடி இங்கு இல்லை. வழியிலே கூட்டமாக நிற்பவை பெரும்பாலும் கழுதைகளே. மணி அடித்தாலும் அவை அவசரப்படமாட்டா. நாம்தான் விலகிச் செல்லவேண்டும்.

பெருநிலத்திலிருந்து வருவோரை முதலில் வரவேற்பது தாம்போதி. 1990-இல் தகர்க்கப்பட்ட பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலம் 2010-இல் திறக்கப்பட்டது. அதனைச் சூழ்ந்த சதுப்பு நிலமே வங்காலைப் பறவைகள் சரணாலயம். வாடைக் காலத்தில், ஆழமற்ற நீரிலே பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடு கிழித்தாற் போல நிற்கும் காட்சி கண்ணுக்கு விருந்து. தாம்போதியைக் கடந்ததும், போர்த்துக்கீசர் 1560-இல் நிறுவி, 1658-இல் ஒல்லாந்தர் கைக்கு மாறிய கோட்டை. அப்பால் பள்ளிமுனையிலே ஆபிரிக்க நாட்டுக்குரிய பெருக்கமரம் ஒன்று நிற்கிறது. அராபிய வணிகர் கொணர்ந்து நட்டது என்பர். உயரம் ஏழரை மீற்றரளவே. அடிமரத்தின் சுற்றளவோ 19 மீற்றருக்கு மேல்! மாணவர் எண்மர் கைகோத்தாலும் அதனை வளைத்துப் பிடித்தல் அரிது.

இத்தீவிற் பயணத்தின் எசமான் காற்றே. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் தலைமன்னார் நோக்கிச் செல்வோரை இடப்புறமிருந்து தள்ளும். வடகிழக்கு வாடையோ வலப்புறமிருந்து தள்ளும். மேட்டிற் படவேண்டிய பாட்டை இங்கே சமதரையிற் படவேண்டும். நாம் அதிகாலையிலே புறப்பட்டமையால், காற்று வலுக்குமுன் பனங்கூடல்களைக் கடந்து தாராபுரத்தை அடைந்தோம்.

ஊரின் தேநீர்க் கடையில் அமர்ந்தபோது, முதியவர் ஒருவர் எமது வண்டிகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “தம்பிமார், தொண்ணூறாம் ஆண்டு போகும்போது எங்கட சைக்கிளை வேலியோட சாத்திப்போட்டுத்தான் போனோம். ஒரு கிழமையில வந்திடலாம் எண்டு நினைச்சம். வந்து பார்க்கும்போது சைக்கிளும் இல்லை, வேலியும் இல்லை” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எமக்குச் சிரிக்க வாய் வரவில்லை.

அவர் குறிப்பிட்டது 1990-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தை. அம்மாதத்தில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறுமாறு கட்டளையிட்டனர். 70,000-க்கும் மேற்பட்டோர் சில நாட்களுக்குள், கையிற் கொள்ளக்கூடிய பொருட்களோடு, பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்தனர். மன்னார்த் தீவிலிருந்தோர் எருக்கலம்பிட்டிக் கரையிலிருந்து படகேறிக் கற்பிட்டி சேர்ந்து, புத்தளத்தில் ஓலைக் குடிசைகளிலே வாழ்வைப் புதிதாகத் தொடங்கினர். தாராபுரமும் அவ்வாறு வெறிச்சோடிய ஊர்களுள் ஒன்று. 2009-இல் போர் முடிந்தபின் பலர் மீண்டனர்; காடு மண்டிய வளவுகளைத் துப்புரவாக்கி வீடு கட்டினர். இடையிற் பிறந்த தலைமுறைக்கோ புத்தளமே ஊராகிவிட்டது. ஆகவே ஒரு காலை இங்கும் மறுகாலை அங்கும் ஊன்றி வாழும் குடும்பங்கள் இன்றும் பல. இவையெல்லாம் சாலையோரத்து மதிலைப் பார்த்துத் தெரியக்கூடியவை அல்ல. ஒரு கோப்பைத் தேநீர் குடிக்கும் நேரமாவது நிற்பவருக்கே ஊர் வாய் திறக்கும்.

தாராபுரத்தை விட்டால் தோட்டவெளி. 1544-இல் யாழ்ப்பாண மன்னனாற் கொல்லப்பட்ட மன்னார்க் கத்தோலிக்கரின் நினைவைப் போற்றும் தேவாலயம் அங்குண்டு. மதத்தின் பெயரால் மனிதர் பட்ட துயரம் இத்தீவிற்குப் புதிதன்று என்பதை, அடுத்தடுத்த இரண்டு ஊர்கள் ஒரே காலைப்பொழுதிற் சொல்லிவிடுகின்றன. தென்கரையைப் பார்த்தால், பனைகளுக்கு மேலாகப் பேருருவாய்ச் சுழல்கின்றன 30 காற்றாலைகள். 2020-இல் இயங்கத் தொடங்கியவை. எம்மைத் தள்ளிய அதே காற்று அங்கே மின்சாரமாகின்றது. பறவைகளின் வழியும் மழைநீரின் ஓட்டமும் தடைப்படுமோ என்ற கவலையும் ஊர்மக்களிடம் உண்டு.

பேசாலை பெரிய மீனவக் கிராமம். பின்னாற் பெட்டி கட்டிய துவிச்சக்கர வண்டிகள் இப்பகுதி மக்களுக்கு உல்லாசப் பொருளல்ல, உழைப்பின் துணை. போர்க்காலத்தில் வடபுலத்துக்கு எரிபொருள் தடைப்பட்டபோது நோயாளியையும் நெல்மூட்டையையும் சுமந்தது இவ்வண்டியே. 2022-இல் நாடு முழுவதும் பெற்றோல் வரிசையில் நின்றபோது, கொழும்பு மாநகரமும் இதன் அருமையை உணர்ந்தது.

ஈற்றிலே தலைமன்னார் இறங்குதுறை. 1914-இலே பாம்பன் பாலம் எழுந்ததும், சென்னையில் இரயிலேறி, தனுஷ்கோடியிற் கப்பல் மாறி, இங்கே மீண்டும் இரயிலேறிக் கொழும்பு சேரும் வழி பிறந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேசுவரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் 1980-களிற் போர்ச் சூழலால் நின்றது. 1990-இல் நின்ற இரயில் 2015-இல் திரும்ப வந்தது. பிரான்சிலே இரயில் போன பாதை துவிச்சக்கர வண்டிக்கு வழியாயிற்று. இங்கே இரயிலே மீண்டமை மக்களுக்குப் பெருமகிழ்ச்சி. கப்பல் மாத்திரம் இன்னும் வரவில்லை. துறையில் நின்று மேற்கே நோக்கினால், ஆதாம் பாலம் என்றும் இராமர் அணை என்றும் கூறப்படும் மணல் திட்டுகளின் தொடர் கடலுக்குள் நீள்கிறது.

இப்பயணத்தை மேற்கொள்ள விரும்பும் மாணவர்க்குச் சில குறிப்புகள்: சனவரி முதல் மார்ச்சு வரை பறவை காண நல்ல காலம். உச்சிவேளை வெயிலைத் தவிர்த்து விடியலிலே புறப்படுக. உடைமுள் சக்கரத்தைப் பதம் பார்க்குமாதலால் ஒட்டுப் போடும் கருவிகளும் காற்றடிக்கும் பம்பும் கையோடிருக்கட்டும். தண்ணீரைக் குறைவாகக் கொண்டுசெல்லாதீர். திரும்பும்போது களைப்பு மிகுந்தால் மிச்ச வழியைப் பேருந்திற் கழிப்பதில் வெட்கமில்லை. வெலோசியோவும் அதனை மறுத்திரார்.

பாலமும் இரயிலும் அறுந்து மீண்டும் பொருந்திய தீவு இது. அவற்றைப் பொருத்துவோர் பொறியியலாளர். அயலாருக்கிடையே அறுந்த நம்பிக்கையைப் பொருத்துவதோ ஒருவர் வாசலில் மற்றவர் நின்று நலம் விசாரிப்பதால் ஆகும் காரியம். அதற்கு வேகம் குறைந்த வண்டியே ஏற்றது.