வெள்ளைக் கம்பளி

பெரு நாட்டின் ஆண்டீஸ் மலைகளில், கடல் மட்டத்துக்கு 4,000 மீட்டர் உயரத்தில், அல்பாக்கா என்றொரு பிராணி மேய்கிறது. ஒட்டகத்தின் ஜாதி, திமில் மட்டும் கிடையாது. பகலில் வெயில் காய்ந்து இரவில் தண்ணீர் உறைகிற அந்தச் சீமையில், போர்வையும் சட்டையும் காதை மூடும் ‘சுல்லோ’ குல்லாயும் அதன் ரோமம்தான். இழைக்குள்ளே நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. அவை உடம்பின் சூட்டை வெளியே விடுவதில்லை.

வெள்ளை, தேன், காப்பி, சாம்பல், கறுப்பு என்று இந்த ரோமத்துக்கு 22 இயற்கை நிறங்களைக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் ஆலைகள் விரும்புவது வெள்ளையைத்தான். அதில் எந்தச் சாயத்தையும் ஏற்றலாம் அல்லவா? வெள்ளைக்கு நல்ல விலை என்றால் வயிற்றுப்பாட்டுக்கு மேய்க்கிறவன் என்ன செய்வான்? வெள்ளைக் கிடாவையே இனத்துக்கு நிறுத்தினான். மந்தையில் மற்ற நிறங்கள் அருகிப் போயின.

வேடிக்கையைப் பாருங்கள். காப்பி நிறச் சால்வை கேட்கிறவருக்கு வெள்ளை ரோமத்தைச் சாயத்தில் தோய்த்துக் கொடுக்கிறார்கள். காப்பி நிறத்திலேயே பிறந்த குட்டிக்கு மதிப்பில்லை! பெண் பார்க்கப் போகுமுன் நிறத்தை விசாரிக்கிற நமக்கு இது புரியாத விஷயமல்ல.

மேய்க்கிறவனைக் குறை சொல்லிப் பயனில்லை. குளிருக்குக் கறுப்பும் ஒன்றுதான், வெள்ளையும் ஒன்றுதான். அல்பாக்கா சால்வை வாங்குகிறவர்கள், “சாயம் போடாதது இருக்கிறதா?” என்று ஒரு வார்த்தை கேட்கலாம். நாலு பேர் கேட்டால் கடைக்காரர் ஆலையைக் கேட்பார். ஆலை மலையைக் கேட்கும். அந்தக் காப்பி நிறக் குட்டியும் பிழைத்துப் போகும்.